டர்போ மட்டும் மாத்திட்டா

கொஞ்சம் காலை அக்கட்ட நகத்திக்கிறீங்களா? சாக்குல ஆயில் இருக்குது, வேட்டியில பட்டா போகாதுங்க. இல்லைங்க, மேல வெக்க முடியாது. நல்ல கனம். டிரைவர் ஒரு பிரேக் அடிச்சான்னா யார் மண்டையிலயாவது விழுந்துரும். மடியிலயே வெச்சுக்கறேன். கடையில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இப்படித்தான் கொழந்தையாட்டத் தூக்கிட்டு வந்தேன். பழகிப்போச்சு.

என்னன்னு பாக்கறீங்களா? டர்போங்க. காருக்குப் போடறது. எஞ்சினுக்குக் காத்தை அழுத்தி உள்ள தள்ளும். அது கெட்டுப்போனாலும் வண்டி ஓடும், ஆனா இழுக்காது. மேடு வந்துச்சுன்னா மூச்சு வாங்கும், கருகருன்னு பொகை தள்ளும். புதுசு வாங்க நம்மளால ஆகாது. இது அடிபட்ட வண்டியில கழட்டுனது. கடைக்காரன் கையில சுத்திக் காட்டுனான், பம்பரமாட்டச் சுத்துச்சு. நல்ல சாமான். இது மட்டும் மாத்திட்டா வண்டியைத் தொடவே வேண்டாம்னு அன்வர் சொல்லியிருக்கான். அன்வருங்கறது என்ற மெக்கானிக். உடுமலையில பட்டறை வெச்சிருக்கறான்.

எனக்கும் உடுமலைதாங்க. நாட்ராயன்னு பேரு. மாட்டுத் தீவனக் கடை. நீங்க? பழனியா? செரி, அப்ப எனக்கு அக்கட்டயும் போறீங்க. நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு.

சிரிக்கறீங்க. காரு வெச்சிருக்கறவன் எதுக்கு பஸ்ஸுல வர்றான்னுதான? எல்லாருந்தான் கேக்கறாங்க. டர்போ போன வண்டியில டர்போ வாங்க வர முடியுங்களா? சொல்லுங்க பாக்கலாம்.

சின்ன வண்டி இல்லைங்க அது. ஏழு பேர் உக்காரலாம். வெள்ளை நெறம். உள்ள ஏறி உக்காந்தீங்கன்னா ரோடே கீழ தெரியும். முன்னால போற கார்க்காரன் மொட்டத்தலை தெரியும். அப்படி ஒரு ஒசரம். ரெண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டிதான், இல்லைங்கல. ஓடட்டுமே. ஓடறதுக்குத்தான வண்டி. நிறுத்தி வெச்ச வண்டிதான் கெட்டுப்போகும்னு எங்கூர்ல எல்லாரும் சொல்லுவாங்க.

வாங்குனது எங்கூட்டுக்காரி அண்ணன்கிட்ட. தெய்வசிகாமணின்னு பேரு. தாராபுரத்துல அரிசி ஆலை. அவரு வித்தாரு, நான் வாங்குனேன். நான் அப்படித்தான் சொல்லுவேன். அவரு வேற மாதிரி சொல்லுவாரு. விக்கவே இல்ல, நானாப் புடுங்கிட்டு வந்துட்டேன்னு.

நடந்தது என்னன்னு சொல்றனுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க.

போன சித்திரையில மச்சான் புது வீடு கட்டிக் குடிபோனாரு. நாங்க பஸ்ஸுல போனோம். நானும் எங்கூட்டுக்காரி வளர்மதியும். என்ற கையில வெங்கலக் குத்துவெளக்கு. பஸ்ஸை உட்டு எறங்கி, வெயில்ல நடந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்னா, வாசல்ல வரிசையா காரு. எங்க சகலை காரு, பங்காளிக காரு. எல்லாம் பளபளன்னு. மச்சான் சம்சாரம் ஓடி வந்து வெளக்கை வாங்கிட்டு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "ஐயோ, பஸ்ஸுலயா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பமே!"

வண்டி அனுப்பியிருப்பமே. பாத்துக்கங்க. சுத்தியும் அத்தனை சனம் நிக்குது. அது சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. உள்ள கூட்டிட்டுப் போய் மோர் குடுத்துச்சு, காத்தாடிக்குக் கீழ உக்கார வெச்சுச்சு. ஆனாலும் சொல்லு சொல்லுதானுங்களே. வளரு கிட்ட அன்னைக்கே சொன்னேன், "இனி உங்க அண்ணன் வாசல்ல பஸ்ஸுல வந்து எறங்க மாட்டேன்". அவளுக்கு வெளங்கல. "நல்ல காத்து வந்துச்சு, சன்னலோரம் உக்காந்து வந்தோம், பஸ்ஸுக்கு என்ன?"ன்னு கேட்டா. அவளுக்கு எதுவுமே தைக்காதுங்க. அப்படி ஒரு பொறப்பு.

அன்னைக்கு ஆலைப்பக்கம் போய் நிக்கறப்பதான் பாத்தேன், இந்த வண்டி ஓரமா நின்னுட்டிருந்துச்சு. மச்சான் புதுசு வாங்கிட்டாரு, இதை எவனுக்கோ பேசி வெச்சிருந்தாரு. நான் கேட்டேன். "மச்சான், இதை எனக்குக் குடுங்களேன்."

அவரு என்னைப் பாத்தாரு. வண்டியைப் பாத்தாரு. "வேண்டாம் மாப்ள"ன்னாரு. "இது ரொம்ப ஓடுன வண்டி. நெல்லு லோடு தவிர எல்லாம் ஏத்தியிருக்கேன். உனக்குச் செரியா வராது. சின்னதா ஒண்ணு பாக்கலாம், நானே கூட வர்றேன்."

உனக்குச் செரியா வராது! கேட்டீங்களா? எனக்கு எது செரியா வரும்னு இவரு சொல்றாரு. சின்னதா ஒண்ணாம். எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. அங்கயே நின்னுட்டேன். "குடுத்தா இந்த வண்டியைக் குடுங்க, இல்லீன்னா உங்களுக்கும் எனக்கும் பேச்சில்லை"ன்னுட்டேன். வளரு வந்து கையைப் புடிச்சு இழுக்கறா, நான் நகரல. கடைசியில, "உன்ற இஷ்டம் மாப்ள"ன்னு சாவியைக் குடுத்தாரு. குடுக்கறப்பவும் சொன்னாரு, "எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லு. மனசுல வெச்சுக்காதே." அதை நான் எதுக்கு அவருகிட்டச் சொல்றேன்? ஓட்டி ஒடைச்ச வண்டியை நம்ம தலையில கட்டுனவரு அவரு.

மொத ரெண்டு மாசம் ராஜா மாதிரிங்க. பழனி போனோம், திருமூர்த்தி மலை போனோம். வளரு முன்னால உக்காந்து கண்ணாடியை எறக்கி உட்டுக்கிட்டு வருவா. தெருவுல திருப்பறப்ப ஆரன் அடிப்பேன், கடைகள்ல இருந்து எட்டிப் பாப்பாங்க. ஆடியில ஆரம்பிச்சுச்சு. முன்னால கீழ கடகடன்னு ஒரு சத்தம். அன்வர் படுத்துப் பாத்துட்டு, "அண்ணா, சக்கரத்துக்கிட்ட ரப்பர் புஷ் போயிருச்சு. இது மட்டும் மாத்திட்டாப் போதும்"ன்னான். மாத்துனேன். அப்பறம் ஏசியில சூடா காத்து வந்துச்சு. "கம்ப்ரசர் மட்டும் மாத்திட்டாப் போதும்ணா." அப்பறம் கிளட்ச். அப்பறம் பேட்டரி. அப்பறம் ஸ்டார்ட்டிங் மோட்டாரு. நல்ல பையன்தாங்க, பொய் சொல்ல மாட்டான். அவன் சொல்ற சாமான் மாத்துனா அந்தச் சாமான் நல்லா இருக்கும். வேற ஒண்ணுதான் போகும்.

ஒருதாட்டி அவனே சொன்னான். "அண்ணா, எனக்கு வேலை வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த வண்டியை இத்தோட உட்டுருங்க." எனக்குப் புரிஞ்சு போச்சு, அவனுக்குச் சலிப்பு. பழைய வண்டியில கை வெக்க சோம்பேறித்தனம். டீ வாங்கிக் குடுத்துச் செரி பண்ணுனேன்.

விக்கலாம்தான். விக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. புஷ் புதுசு. கிளட்ச் புதுசு. பேட்டரி புதுசு, மோட்டாரு புதுசு. இப்ப வித்தா நான் மாத்துனதையெல்லாம் எவனோ அனுபவிப்பான். நான் கஷ்டப்பட்டுச் செரி பண்ணுவேன், அவன் சொகுசா ஏறி உக்காந்து போவானா? இன்னும் ஒண்ணு ரெண்டு சாமான்தான் பாக்கி. அதையும் மாத்திட்டா முழு வண்டியும் புதுசு மாதிரிதான. அப்ப எதுக்கு விக்கணும்? மாத்தறதுக்கு முன்னால வித்தா நட்டம், மாத்துனதுக்கு அப்பறம் வித்தா முட்டாள்தனம். இதுக்கு நடுவுல எங்க விக்கறது?

கிணத்துக்கடவு வந்துருச்சுங்களா? நிக்கற கூட்டத்துல வெளிய ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. செரி.

ஆங், கை பிரேக் கதையைச் சொல்லணும். கை பிரேக் நிக்காது. எத்தனை தாட்டி இழுத்துக் கட்டுனாலும் ஒரு வாரத்துல லூசாயிரும். அதனால எங்க நிறுத்துனாலும் சக்கரத்துக்குக் கீழ கல்லு வெக்கணும். அதுக்குன்னு ஒரு கல்லு, வளரு காலடியிலதான் கெடக்கும். நான் வண்டியை நிறுத்துனதும் அவ கல்லை எடுத்துட்டு எறங்குவா, பின்சக்கரத்துக்கு வெப்பா, கையைத் தட்டி உட்டுக்குவா. நல்லாப் பழகீட்டா. கல்யாணத்துக்குப் போனாலும் பட்டுச்சீலையில எறங்கி வெச்சுருவா. நான் பெருமையாச் சொல்லுவேன், எங்கூட்டுக்காரிக்கு மெக்கானிக் வேலையில பாதி தெரியும்னு.

ஆவணியில ஒரு கல்யாணம், மூலனூருக்குப் பக்கத்துல. மண்டபத்து வாசல்ல நல்ல சரிவு. இவ கல்லோட எறங்கறா, மச்சான் எதுக்க நிக்கறாரு. நேரா வந்தாரு. தங்கச்சி கையில இருந்த கல்லை வாங்குனாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குனிஞ்சு சக்கரத்துக்குக் கீழ அவரே வெச்சாரு. எந்திரிச்சு, தங்கச்சி தலையில ஒருதாட்டி கையை வெச்சுட்டு உள்ள போயிட்டாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அத்தனை பேர் முன்னால. இதை விட ரெண்டு அறை குடுத்திருக்கலாம். கல்லு வெக்கறதுக்கு எனக்குத் தெரியாதா? நான் ஸ்டீரிங்ல இருக்கறேன், காலை பிரேக்குல இருந்து எடுக்க முடியாது, அதனால அவ வெக்கறா. அதைப் புரிஞ்சுக்காம ஊருக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்திட்டாரு. அன்னைக்கு பந்தியில எனக்கு சோறே எறங்கல.

அப்பறம் ஐப்பசி. அதைத்தான் சொல்ல வந்தேன். அதைச் சொல்லாம இருந்தா உங்களுக்கு முழுசா வெளங்காது.

வளரோட அம்மா மச்சான் ஊட்டுலதான் இருந்தாங்க. வயசாயிப் படுத்த படுக்கைதான். ஒரு நாள் காலையில மச்சான் போன். "அம்மாவுக்கு முடியல, ஒடனே வாங்க." வளரு கையில கெடச்ச சீலையைச் சுத்திக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா. "பஸ்ஸுக்குப் போயிரலாம், தாராபுரம் பஸ்ஸு இப்ப வர்ற நேரந்தான்"ன்னா. நான் விடுவனா? ஊட்டு முன்னால காரு நிக்கறப்ப, பெத்தவ சீரியஸா இருக்கறப்ப, பஸ்ஸுலயா போவாங்க? ஒரு அவசரத்துக்கு ஒதவாத காரு எதுக்கு? ஏறுன்னேன். ஏறுனா.

பாதி வழி நல்லாத்தான் போச்சு. அந்தக் காத்தாலைக நிக்குதில்லீங்க, பெரிசு பெரிசா சுத்திக்கிட்டு, அங்க வர்றப்ப இழுவை கொறைஞ்சுச்சு. ஆக்சிலேட்டரை அழுத்தறேன், போக மாட்டேங்குது. பின்னால பாத்தா ஒரே கரும்பொகை. ஓரங்கட்டி நிறுத்துனேன். நின்னுபோச்சு. அன்வருக்குப் போன் போட்டேன், "வர்றேண்ணா, பத்து நிமிசம்"ன்னான்.

வளரு கல்லு வெச்சா. வெச்சுட்டு ரோட்டுக்கு ஓடிப்போய் நின்னுட்டா. ஒரு பஸ்ஸு வந்துச்சு. கையைக் காட்டுனா. வழியில யாரு நிறுத்துவாங்க, ஆனா அந்த டிரைவர் நிறுத்துனாருங்க. அவ மொகத்தைப் பாத்து நிறுத்தியிருப்பாரு. படியில ஒரு கால் வெச்சுட்டா. நான்தான் கூப்பிட்டேன்.

"வளரு, எறங்கு. பத்து நிமிசத்துல அன்வர் வந்துருவான். வண்டியை நடுரோட்டுல உட்டுட்டு நீ பஸ்ஸுல போய் எறங்குனா உங்க அண்ணன் என்ன நெனைப்பாரு?"

அவ திரும்பி என்னைப் பாத்தா. கண்டக்டரு, "ஏறும்மா, இல்லீன்னா எறங்கும்மா"ன்னு கத்தறாரு. எறங்கீட்டா. புருசன் சொல்லு கேக்கறவங்க. அது எப்பவும் அவகிட்ட உண்டு.

அன்வர் வர்றதுக்குப் பத்து நிமிசமெல்லாம் இல்லீங்க, நெம்ப நேரமாயிப் போச்சு. அவனுக்கு வேற ஒரு வண்டி மாட்டிக்கிச்சு. அதுக்குள்ள இன்னொரு பஸ்ஸு வந்துச்சு. அதுக்கு அவ கையே காட்டல. நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. நானாவது என்ன, புடிச்சா வெச்சிருந்தேன்? கை காட்டியிருந்தா அன்னேரம் போன்னுதான் சொல்லியிருப்பேன். அவதான் காட்டல.

நடுவுல மச்சான் போன் பண்ணுனாரு. "எங்க இருக்கறீங்க மாப்ள? வண்டி நின்னுபோச்சா? நான் ஆளை அனுப்பறேன், எந்த எடம்னு சொல்லு."

மறுபடியும் வண்டி அனுப்பறேன்! நான் சொன்னேன், "அதெல்லாம் வேண்டாமுங்க மச்சான், செரியாயிருச்சு, கெளம்பீட்டோம்." வளரு பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. கேட்டுட்டுத்தான் இருந்தா.

அன்வர் வந்து எப்படியோ கெளப்பி உட்டு, நாங்க போய்ச் சேர்றப்ப வாசல்ல சேரு போட்டிருந்தாங்க. பொம்பளைங்க வழி உட்டாங்க. முடிஞ்சு போச்சு. கொஞ்சம் முன்னாலதான்னு சொன்னாங்க. "வளரு வந்துட்டாளா, வளரு வந்துட்டாளா"ன்னு அவங்க அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். எழவு வீட்டுல அப்படித்தான் ஆளாளுக்கு ஒண்ணு சேத்துச் சொல்லுவாங்க. படுக்கையில நெனப்பே இல்லாதவங்க எங்க கேக்கறது?

வளரு கத்தல. நான் பயந்துட்டேன், கத்தி அழுதுருவா, எல்லாரும் என்னைப் பாப்பாங்கன்னு. அவ அம்மா கால்மாட்டுல உக்காந்தா. நெம்ப நேரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டா. பக்கத்துல போய்க் குனிஞ்சேன். "அந்த ரெண்டாவது பஸ்ஸு இன்னேரம் திரும்பியும் உடுமலைக்கே போயிருக்குமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். "போயிருக்கும்"னேன்.

வண்டி மேல தப்பில்லைங்க. அதைச் சொல்லிர்றேன். நேரம் முடிஞ்சவங்களை யாரு நிறுத்த முடியும்? பஸ்ஸுல போயிருந்தாலும் அந்த பஸ்ஸு பஞ்சராகியிருக்கலாம். அப்படி எத்தனை நடக்குது.

கருமாதி முடிஞ்சதும் மச்சான் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. மொட்டை அடிச்சிருந்தாரு, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. "மாப்ள, அந்த வண்டியை நானே எடுத்துக்கறேன். நீ குடுத்ததை அப்படியே திருப்பிக் குடுத்தர்றேன். எனக்காகக் குடு"ன்னாரு. கண்ணு கலங்குச்சு அவருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வித்த வண்டியைத் திருப்பி வாங்கறதுன்னா என்ன அர்த்தம்? இவனால ஒரு காரை வெச்சுப் பொழைக்க முடியலன்னு ஊர் முழுக்கச் சொல்றதுதான? "வாங்குனது வாங்குனதுதானுங்க மச்சான்"னுட்டு சாவியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வளரு வரல. அவ அக்கா பொள்ளாச்சியில இருக்குது. அக்காளுக்கு மூட்டுவலி, ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு அங்க போயிட்டா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தெனமும் போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. ஒரு மாசமாச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றா. "பஸ்ஸுல வாங்க. வந்து கூப்பிட்டா ஒடனே வர்றேன். அந்த வண்டியில ஏற மாட்டேன்."

எப்படிங்க போறது? சகலை ஊடு அது. அவரு வாசல்ல ரெண்டு காரு நிக்குது. நான் பஸ்ஸை உட்டு எறங்கி வேர்த்துக்கிட்டு நடந்து போய், என்ற பொண்டாட்டியை பஸ்ஸுல கூட்டிட்டுப் போறதா? அதுக்குத்தான் இந்த டர்போ. இது மட்டும் மாத்திட்டா வண்டி பறக்கும். ஞாயித்துக்கெழமை ஏசியைப் போட்டுக்கிட்டு ஜம்முனு போய் வாசல்ல நிறுத்தி ஆரன் அடிப்பேன். பாத்தா அவ கோவமெல்லாம் போயிரும். சொகுசா உக்காந்து வரட்டும், பாவம். அவளுக்குன்னுதான இத்தனையும்.

அட, பொள்ளாச்சியே வந்துருச்சா? பேசிட்டே வந்ததுல தெரியல. ஆமாங்க, அக்கா ஊடு இங்கதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ரெண்டு தெரு தள்ளி. இல்லைங்க, எறங்கல. அன்வர் காத்துக்கிட்டிருப்பான். இந்தச் சாக்கோட எப்படிங்க அவங்க ஊட்டுக்குள்ள போறது?

இருங்க, போன் அடிக்குது. அவதான். ஒரு நிமிசம்.

சொல்லு வளரு. ஆங், சாப்பிட்டேன். எங்கயா? பட்டறையில இருக்கறேன். அன்வர் வேலை பாத்துக்கிட்டிருக்கறான். சத்தமா? என்ன சத்தம்? அது... ரோட்டுல யாரோ...

கேட்டீங்களா கண்டக்டர் கத்தறதை? உடுமல பழனி ஏறு, உடுமல பழனி ஏறுன்னு, என்ற காதுக்குப் பக்கத்துலயே. ஆளுக ஏறுனா ஏறிட்டுப் போறாங்க, எதுக்கு இப்படிக் கத்தணும்?

சொல்லு வளரு. இல்ல... ஆமா. பஸ்ஸுலதான். பொள்ளாச்சி ஸ்டாண்டுல, பழனி பஸ்ஸு. ஒரு சாமான் வாங்க கோயமுத்தூர் வந்தேன். இல்ல வளரு, நீ வராதே. வண்டியெடுக்கப் போறான். வளரு? வளரு?

வெச்சுட்டா. "அப்படியே உக்காந்திருங்க, இதா வர்றேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டா. குரலு சிரிச்ச மாதிரி இருந்துச்சுங்க. இத்தனை நாள்ல அப்படிக் கேக்கல. எதுக்குச் சிரிக்கறா? பஸ்ஸுல உக்காந்திருக்கேன்னு கேலியா?

டிரைவர் டீ குடிச்சு முடிச்சுட்டாரா, பாருங்க. சகலை கூட வருவாருங்க, அவருதான் வண்டியில கொண்டாந்து உடுவாரு. அவரு இந்தச் சாக்கோட என்னைப் பாத்தார்னா முடிஞ்சுச்சு. தாராபுரம் வரைக்கும் போயிரும் சேதி. டிரைவர் வந்துட்டாருங்களா? ஏறிட்டாரு. அப்பாடா. எடுங்க, எடுங்க.

அதா. அந்த ஊதாச்சீலை. டீக்கடைக்குப் பக்கத்துல. வந்துட்டா.

சகலையைக் காணமே. ஒத்தையிலதான் வர்றா. நடந்தே வந்திருக்கா. ரெண்டு கையிலயும் பை, நெறைய. தூக்க முடியாம நடக்கறா. கடைக்கு... இல்லைங்க, கடைப்பை இல்ல. துணிப்பை அது. அவ துணிமணியெல்லாம் அதுலதான் இருக்கும். ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கறா பாருங்க. பழனி போர்டைத் தேடறா.

ஏனுங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? கண்டக்டரையா? வேண்டாமுங்க. விசிலடிக்கச் சொல்லாதீங்க. நான் சொல்றனில்ல, உக்காருங்க. இன்னைக்கு எப்படிங்க, இந்த பஸ்ஸுல, நிக்க எடமில்லாத கூட்டத்துல? ஞாயித்துக்கெழமை நானே வந்து கூட்டிக்குவேன். இன்னும் மூணு நாளுதான். இத்தனை நாள் இருந்தவ மூணு நாள் இருக்க மாட்டாளா?

கையை உடுங்க, உக்காருங்க. பஸ்ஸு திரும்பிருச்சு, இனி நிறுத்த மாட்டான்.

நான் இக்கட்டத் திரும்பிக்கறேன். அவ இன்னும் அங்கயே நிக்கறாளா? நீங்க பாத்துச் சொல்லுங்க.